பாதி டம்ளர் காப்பி

எங்கள் ஊரில் காப்பிக்குப் பொடிகூடப் பெரிதில்லை, தண்ணீர்தான் பெரிது. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே குடியிருக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். தூத்துக்குடியில் தண்ணீருக்கு இரண்டு பெயர் உண்டு. தாமிரபரணியிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணீர். வீட்டுக் கிணற்றில் கிடப்பது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரைக் குடிக்கவும் சோறு பொங்கவும் வைத்துக்கொள்வோம். உப்புத் தண்ணீரில் குளிப்போம், துணி துவைப்போம். என் சிறு வயதில் எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தரம் வரும். வராத வாரமும் உண்டு. அதனால் அடுக்களையில் நல்ல தண்ணீர்க் குடங்கள் மூடிபோட்டு வரிசையாக நிற்கும். அந்தப் பக்கம் பந்து உருண்டு போனால்கூட முதுகில் ஒன்று விழும்.

இப்போது என் மகள் காப்பிப் பொடியைத் தராசில் நிறுக்கிறாள். செல்போனில் பார்த்துப் பார்த்து கண்ணாடிக் குடுவை, காகித வடிகட்டி, கழுத்து நீண்ட கெண்டி என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்களையில் ஒரு மூலையைப் பிடித்துவிட்டாள். அவள் தம்பி கடிகாரத்தைப் பார்த்து நொடி எண்ணுகிறான். கேன் தண்ணீர் சரியா, குழாய்த் தண்ணீர் சரியா என்று இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் படிக்கட்டும், அவர்கள் வயதுப் பிள்ளைகள் வேறு யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் காப்பி நாலு மாதம் பட்ட பாடு இது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாப்பிள்ளையூரணியில் ஓட்டு வீடு, பின்னால் கிணறு. அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டினார். அம்மா முந்தின வருடம் மஞ்சள் காமாலையில் இறந்துபோயிருந்தாள். அடுத்த தெருவில் இருந்த அத்தை, அப்பாவுக்கு அக்கா, ஒரு வருடம் எங்களுக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டாள். காலையில் அவள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் டீ வரும். பிறகு அவளே அலைந்து பெண் பார்த்து, பங்குனி மாதம் அப்பாவுக்கு மறுபடி கல்யாணம் செய்துவைத்தாள். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊர், வயல் வைத்திருக்கிற குடும்பம். அப்படி வந்தவள்தான் சித்தி. பிள்ளைகளா, நீங்கள் ஆச்சி என்று கூப்பிடுகிறவள்.

சித்தி வரும்போது ஒரு பித்தளைக் காப்பி ஃபில்டர் கொண்டுவந்தாள். அவள் வீட்டில் இரண்டு பசு, கூப்பிடு தூரத்தில் ஆறு. ஆற்றுத் தண்ணீரில் இறங்கின டிக்காஷனும் கறந்த பாலுமாகக் குடித்து வளர்ந்தவள். அவள் காப்பி அந்த ஊரில் பேர் வாங்கினது என்று கல்யாணப் பேச்சிலேயே ஒருவர் சொல்லியிருந்தாராம். அத்தைக்கு அது ஞாபகம் இருந்தது. முதல் நாள் காலையில் காப்பி மணம் தெருவுக்கு வந்தபோது அத்தையும் கூடவே வந்துவிட்டாள்.

சித்தி ஃபில்டரில் பொடியை நிரப்பி, மேலே குடை மாதிரி இருக்கிற தட்டை வைத்து, அமுக்காமல் விட்டாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கவில்லை, கொதிக்கப் போகிற நேரத்தில் இறக்கினாள். அதை மெல்லச் சுற்றி ஊற்றினாள். டிக்காஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை பொறுத்திருந்தாள். பாலை ஒரே கொதியில் எடுத்தாள். டம்ளரை வெந்நீரில் அலசிச் சூடாக்கிக்கொண்டாள். இதெல்லாம் இன்றைக்கு என் மகள் செல்போனில் பார்த்துச் செய்கிறாள். சித்தி எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளுக்கு இதெல்லாம் கையில் இருந்தது.

அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அடுக்களை வாசலில் உட்கார்ந்து குடிப்பார். நான் அவருக்கு எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு, என் பாலைக் குடிக்காமல், அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மடக்கு குடித்தார். இன்னொரு மடக்கு. பாதி டம்ளர் ஆனதும் நிமிர்ந்து பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து சைக்கிளை எடுத்தார்.

அம்மா இருந்தபோது அப்பா டம்ளரை அண்ணாந்து கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருப்பார். அது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அத்தை சும்மா இருக்கவில்லை.

“ஏளா, ஆத்தங்கரைக் காப்பின்னா ஊரே மணக்கும்னாவளே. என் தம்பிக்கு மூக்கு வரைக்கும்தான் போயிருக்கு. தொண்டைக்கு எறங்கலியே.”

சித்தி சிரித்துவிட்டு, அந்த மிச்சக் காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் எட்டிப் பார்த்தேன். அவள் அதைக் கீழே ஊற்றவில்லை. வாயில் கொஞ்சம் வைத்து, கண்ணை மூடி, என்ன குறை என்று நாக்கால் தேடிக்கொண்டிருந்தாள்.

குறை என்ன என்று எனக்குத் தெரியும். அதாவது தெரியும் என்று நினைத்தேன்.

அம்மா காப்பிக்கு வெந்நீர் வைக்கும்போது மூன்று பங்கு நல்ல தண்ணீர் ஊற்றி, நாலாவது பங்குக்குக் கிணற்றுத் தண்ணீரைச் சேர்ப்பாள். கிணற்றடிக்குப் போய் அதைச் சின்னச் செம்பில் கொண்டுவருவது என் வேலை. ஒருநாள் கேட்டதற்கு, காப்பியில் போனால் உப்பு தெரியாது என்றாள். நல்ல தண்ணீர் வராத நாட்களில் குடிக்கிற தண்ணீரை மிச்சம் பிடிக்க அவள் கண்டுபிடித்த வழி அது. ஆனால் எனக்கு அது அப்படிப் புரியவில்லை. அதுதான் அம்மாவின் கைப்பக்குவம், அந்த ஒரு செம்பில்தான் ருசி இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். ஆற்றுத் தண்ணீரில் காப்பி குடிக்கிற ஊர்ப்பிள்ளை எவனும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டான்.

தெரிந்தும் நான் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவுடையது எல்லாம் ஒவ்வொன்றாகக் கை மாறிக்கொண்டிருந்தது. அவள் முறம், அவள் துணிக்கொடி, அவள் உட்கார்கிற பலகை. சித்தி எதையும் பிடுங்கவில்லை. வீடு என்று இருந்தால் யாராவது முறத்தை எடுக்கத்தானே வேண்டும். ஆனால் இந்த ஒன்று மட்டும் கை மாறவில்லை, ஏனென்றால் அது என் வாய்க்குள் இருந்தது. அப்பா தினமும் பாதியை வைக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அம்மா ஜெயித்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும். சித்தியைச் சித்தி என்று நான் கூப்பிடவும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் காட்டுவேன்.

சித்தி விடவில்லை. முதலில் பொடியைச் சந்தேகப்பட்டாள். கடல் காற்றில் பொடி ஈரம் கோத்துக் கட்டி பிடிக்கிறது என்று கண்டுபிடித்து, அரைக்கிலோ வாங்குவதை விட்டுவிட்டு நூறு நூறு கிராமாக வாங்கினாள். கண்ணாடிச் சீசாவில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தாள். பிறகு சிக்கரியை விட்டுப் பார்த்தாள், சேர்த்துப் பார்த்தாள். பீபெரி, பிளாண்டேஷன் என்ற இரண்டு வகைக் கொட்டையையும் கலந்து அரைக்கச் சொன்னாள், தனித்தனியாக அரைக்கச் சொன்னாள். கடைக்கு என்னையும் கூட்டிப்போவாள். வாரம் மூன்று தரம் போய் நின்றால் கடை அண்ணாச்சி என்னதான் செய்வார்.

“தாயி, இது என்ன மருந்தா? சீக்கு எறங்கலன்னு டோசு மாத்திக்கிட்டே இருக்கியே” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

அத்தை வந்து தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள். இது கருப்பட்டி தின்று வளர்ந்த நாக்கு, சீனி போட்டால் எப்படி இறங்கும் என்றாள். சித்தி அதையும் செய்தாள். கொதிக்கிற பாலில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள். பால் மொத்தமாகத் திரிந்து, திப்பி திப்பியாகப் பாத்திரத்தில் நின்றது. கருப்பட்டி கடுங்காப்பிக்கு ஆகும், பாலோடு கொதிக்கவிட்டால் திரியும் என்று எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும். அவள் சொல்ல மறந்துவிட்டாளாம். அன்று அப்பாவுக்குக் காப்பியே இல்லை. சித்தி திரிந்த பாலைத் துணியில் வடிகட்டி, கருப்பட்டியோடு பிசைந்து எனக்குத் தின்னக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

ஒருநாள் என் நோட்டுக்கு அட்டை போட நாள்காட்டித் தாள் தேடியபோது அடுக்களை மாடத்தில் ஒரு கட்டு கிழித்த தாள் கிடைத்தது. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் எழுதியிருந்தது. “பொடி ரெண்டரைக் கரண்டி. சிக்கரி இல்ல. பாதி.” “பொடி மூணு. பால் கம்மி. பாதி.” “அண்ணாச்சி கடைப் புதுப்பொடி. பாதிக்கும் கீழ.” நாள் தவறாமல் எழுதியிருந்தாள். ஒரே ஒரு தாளில் மட்டும் “முழுசு” என்று இருந்தது, பக்கத்தில் கோலம் மாதிரி ஒரு நட்சத்திரம். அது எந்த நாள் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களை ஆதிச்சநல்லூருக்குப் பழங்காலத்து முதுமக்கள் தாழி பார்க்கக் கூட்டிப்போன நாள். நான் விடியும் முன்பே சாப்பாட்டு மூட்டையோடு பஸ் ஏறிவிட்டேன். அதற்கடுத்த நாலு தாள்களிலும் அதே அளவு, அதே பால், அதே பாத்திரம் என்று எழுதியிருந்தது. ஒன்றில் “அதே சேல” என்றுகூட இருந்தது. நாலும் பாதி.

அந்தத் தாள்களைப் பார்த்தபோது எனக்கு என் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. அந்த வருடம்தான் எங்களுக்கு நீள வகுத்தல் கணக்கு வந்திருந்தது. போட்டுப் பார்ப்பேன், வராது, அழிப்பேன், மறுபடி போடுவேன். சித்தியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவள் கணக்குக்கு விடை என் பையில் இருக்கிறது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் அழித்து அழித்துப் போடுவதை வேடிக்கை பார்க்கிறேன் என்று தோன்றியது. இருந்தும் வாய் வரவில்லை. அம்மா எப்படிப் போடுவாள் என்று ஒரே ஒரு தரம் சித்தி என்னிடம் கேட்டிருந்தாள். தெரியாது என்றேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து அவள் அப்புறம் கேட்கவில்லை.

ஆடி நெருங்கியது. ஆடி மாதம் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். ரெண்டாம் கல்யாணத்துக்கு என்ன ஆடியும் அமாவாசையும் என்று அத்தை முனகினாள். சித்தியின் அண்ணன் அதைக் கேட்காமல், என்றைக்குக் கூட்டிப்போவது என்று சொல்ல ஒரு சாயங்காலம் வந்தார். நான் அடுக்களைச் சுவருக்கு இந்தப் பக்கம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சித்தி, ஆடி முடிந்தாலும் தன்னை அங்கேயே இருக்கவிட்டுவிடும்படி கேட்டாள். அவர் பதறிப்போனார். அடித்தாரா, ஏசினாரா, குடித்துவிட்டு வருகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். பிறகு என்னதான் என்று கேட்டார்.

“காப்பிய பாதியில வச்சிருதாரு அண்ணே.”

அவர் சிரித்துவிட்டார். சித்தி சிரிக்கவில்லை.

“நாலு மாசமா ஒரு மனுசன் தெனமும் பாதிய வச்சிட்டு எந்திரிச்சுப் போனா, அது காப்பிய மட்டுமா வைக்காரு? அந்தப் பிள்ளையும் என்னய ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட மாட்டேங்கான். நான் இங்கன யாருக்கு அண்ணே?”

சரி தாயி, ஆடி ஒண்ணாம் தேதி வாரேன் என்று அண்ணன் சொன்னது மட்டும் கேட்டது.

எனக்கு வகுத்தல் கணக்கு ஓடவில்லை. அவள் போய்விட்டால் மறுபடி தூக்குச்சட்டியில் டீ வரும். அம்மா ஜெயித்துவிடுவாள். அப்படித்தானே நான் விரும்பினேன்? ஆனால் அந்தப் பித்தளை ஃபில்டர் இல்லாத அடுக்களையை நினைத்துப் பார்த்தால் அதில் அம்மாவும் இல்லை. யாருமே இல்லை.

சித்தி கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின காலையில் நான் சீக்கிரம் எழுந்தேன். பரணில் கிடந்த சின்னச் செம்பை எடுத்துத் துலக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாளியை இறக்கி இழுத்து, செம்பில் ஊற்றுவதைப் பார்த்தார்.

“என்னல, காலங்காத்தால?”

“சித்திக்கு” என்றேன்.

அவர் தேய்த்துக்கொண்டிருந்த விரல் நின்றது. நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் சிந்தாமல் போவதில்தான் என் கவனம் எல்லாம் இருந்தது.

சித்தி அடுப்பில் தண்ணீர் வைக்கப் போகிற நேரம். செம்பை அவள் பக்கத்தில் வைத்தேன். இரவெல்லாம் மனதுக்குள் ஓட்டிவைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

“அம்மா இதத்தான் ஊத்துவா. நல்ல தண்ணி மூணு பங்கு, இது ஒரு பங்கு.”

அவள் செம்பில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு. முகம் ஒரு கணம் சுருங்கியது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், அத்தையைக் கூப்பிட்டுச் சொல்வாள், அப்பாவிடம் சொல்வாள் என்றெல்லாம் நினைத்து நின்றேன்.

“வேற எதும் உண்டா ஐயா?”

“இல்ல. அவ்வளவுதான்.”

“சரி” என்றாள். மூன்று பங்கு நல்ல தண்ணீரை அளந்து ஊற்றினாள். நாலாவதை என்னையே ஊற்றச் சொன்னாள். டிக்காஷன் இறங்கும்வரை இரண்டு பேரும் ஃபில்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்பா வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நானும் எதிரே போய் உட்கார்ந்தேன். அன்று நான் அந்தக் காப்பிக்கு எதிராளி இல்லை. என் காப்பி அது. குடிங்க, குடிங்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். முகத்திலும் அது எழுதியிருந்திருக்க வேண்டும். அப்பா ஒரு மடக்கு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்னொரு மடக்கு. பாதி வந்தது. பாதி தாண்டியது. டம்ளரை அண்ணாந்து கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டார்.

இல்லை. சித்தி தன் டம்ளரில் இருந்ததை அப்படியே கொண்டுவந்து அவர் டம்ளரில் ஊற்றினாள். ஊற்றின வேகத்தில் கொஞ்சம் தரையில் சிந்தியது. அப்பா அதையும் குடித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிட வேகமாக மிதித்துப் போனார். காலி டம்ளரைச் சித்தி உடனே கழுவவில்லை. அது வெகுநேரம் அடுப்பு மேடையில் இருந்தது. பத்து மணிக்கு அத்தை வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, எல்லாம் தான் சொன்ன கருப்பட்டி யோசனையின் பலன் என்று தெருவெல்லாம் சொன்னாள். சித்தி மறுத்துப் பேசவில்லை. அன்றைய நாள்காட்டித் தாளில் அவள் எதுவும் எழுதவில்லை. அதற்குப் பிறகு எழுதுவதையே விட்டுவிட்டாள்.

மறுநாள் அவள் அண்ணன் வந்தார். பை இரண்டு என்று நினைத்து வந்தவர், ஒரே ஒரு பை இருப்பதைப் பார்த்து அவள் முகத்தைப் பார்த்தார். பஸ் வரைக்கும் நான் பையைத் தூக்கிப்போனேன். படியில் ஏறிக்கொண்டே சித்தி திரும்பினாள்.

“ஆவணி ஒண்ணு அன்னைக்கு வந்துருவேன். செம்ப எங்கனயும் போட்டுத் தொலைச்சிராத என்ன?”

சொன்ன நாளில் வந்தாள். அன்றிலிருந்து நாலு வருடம், தெருவுக்குத் தினமும் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற வரைக்கும், காலையில் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அந்தக் காப்பியைத்தான் குடித்தோம். எனக்குக் காய்ச்சல் வந்த நாளில்கூட எழுந்து போய்க் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு குடும்பத்தை நான் ஒற்றை ஆளாக உப்புத் தண்ணீரால் சேர்த்துவைத்தேன் என்று எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையிலேயே வளர்ந்தேன், வேலைக்குப் போனேன், எனக்கும் கல்யாணம் ஆயிற்று.

போன மாதம் அப்பாவுக்குக் கண் பார்க்க அவரையும் சித்தியையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். நல்ல கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்தபோது மெஷினிலிருந்து மூன்று காகிதக் கப்பில் காப்பி பிடித்து வந்தேன். எனக்கு ஒரு மடக்குக்கு மேல் போகவில்லை. சித்தி உதட்டில் வைத்துவிட்டு எடுத்துவிட்டாள். அப்பா தன்னுடையதைக் குடித்து முடித்து, ஒன்றும் சொல்லாமல் சித்தியுடையதை எடுத்துக் குடித்தார், பிறகு என்னுடையதையும் குடித்தார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவிடம் கேட்டேன், ஒரு காலத்தில் உப்புத் தண்ணீர் கலக்காவிட்டால் உங்களுக்குக் காப்பி இறங்காதே, இப்போது இதை எப்படிக் குடிக்கிறீர்கள் என்று.

“உப்புத் தண்ணியா? எந்த உப்புத் தண்ணி?”

நான் செம்பை, கிணற்றை, நாலாவது பங்கை எல்லாம் சொன்னேன். அவருக்கு நான் கிணற்றடிக்கு வந்தது ஞாபகம் இருந்தது. காப்பியில் உப்பு இருந்தது அவருக்கு அன்றும் தெரியாது, அதற்கப்புறம் நாலு வருடமும் தெரியாது. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இவுகளுக்கு நாக்கு ஏது? கடல் தண்ணியில போட்டுக் குடுத்தாலும் குடிப்பாவ. கரிச்சது பூரா எனக்குல்லா.”

அப்படியென்றால் நாலு வருடம் ஏன் அதையே போட்டுக் குடித்தீர்கள் என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தாள். “நீ கொண்டாந்தேல்லா ஐயா” என்றாள்.

எனக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. உப்பு தெரியாத மனிதர் அந்த நாலு மாதம் எதற்காகப் பாதியை வைத்தார்? அப்பா காலிக் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“நீ எதுத்தாப்புல உக்காந்து என் தொண்டையவே பாத்துக்கிட்டு இருப்ப. ஒவ்வொரு மடக்குக்கும் ஒன் மொகம் சுண்டிப்போவும். பெறவு எப்படில முழுசாக் குடிக்க? மிச்சத்துக்கு ஹார்பர் கேட்டுல நின்னு ஒரு டீயக் குடிச்சிட்டுப் போவேன்.”

சித்திதான் கேட்டாள், குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காமல்.

“அப்பம் காப்பி?”

“காப்பிக்கு என்ன? மொத நாளே நல்லாத்தான் இருந்துச்சு.”

அதற்குள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அப்பா எழுந்து உள்ளே போனார். சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னவாம் என்று முணுமுணுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிவைத்தவள் மாதிரிச் சொன்னாள்.

“மொத நாள் போட்டது பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி. சிக்கரி ஒரு சிட்டிகை. எங்க வீட்டுப் பொடி அது. நல்லாத்தான் வந்துச்சுன்னு எனக்கும் தெரியும்யா.”

அம்மாவின் இடத்தை நான் ஒருவன்தான் காவல் காக்கிறேன் என்று அந்த ஒன்பது வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சுவரில் சாய்ந்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாலு மாதமும் ஒரு மனிதர் தனக்குப் பிடித்த காப்பியை எனக்காகப் பாதியில் வைத்தார். அதன் பிறகு நாலு வருடம் ஒருத்தி தனக்குக் கரித்த காப்பியை எனக்காக முழுதாகக் குடித்தாள். எனக்கோ, இரண்டு பேருக்கும் காப்பி குடிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று நினைப்பு.